என் கார்டில் அப்பா பெயர்: ரைன்-ரூரில் மாணவ நிருபராக இருந்த கதை

உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கு மாணவ நிருபராகப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் தொடக்க விழா வீடியோவையும் கழுத்தில் கார்டு தொங்கும் செல்ஃபியையும்தான் பகிர்கிறார்கள். அதெல்லாம் எனக்கும் கிடைத்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை போக நினைப்பவர்களுக்கு அந்தப் படங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்று யாராவது சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இது.

2025 ஜூலை 16 முதல் 27 வரை ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடந்த போட்டி. பழைய பெயர் யூனிவர்சியாட் என்றால் பலருக்கு நினைவு வரும். இளம் நிருபர்களுக்கு இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, போட்டியை நடத்தும் சர்வதேச பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பான ஃபிசுவே நடத்தும் இளம் நிருபர் திட்டம். 2011 ஷென்சென் போட்டியில் தொடங்கியது, கண்டத்துக்குச் சிலர் என்று தேர்ந்தெடுத்துப் பயிற்சியாளரோடு வேலை செய்ய வைக்கிறார்கள். நான் அதில் இல்லை. ரூர் பகுதியில் முதுகலை படிக்கிறேன். எங்கள் துறை நடத்தும் மாணவர் செய்திப்பிரிவு வழியாகப் போனேன். விண்ணப்பம், நேர்காணல், வசந்த காலத்தில் சில பயிற்சி வகுப்புகள் எல்லாம் சுமுகமாக முடிந்தன.

சுமுகம் அத்தோடு முடிந்தது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம்மில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். என் பெயரும் அதற்குப் பின் அப்பா பெயரும் ஒரே வரியில் வரும். ஜெர்மனியில் கொடுத்த குடியிருப்பு அட்டையில் மொத்தத்தையும் ஒரே கட்டத்தில் போட்டிருந்தார்கள். அக்ரெடிடேஷன் (போட்டி இடங்களுக்குள் நுழைய நிருபருக்குத் தரும் அனுமதிக் கார்டு) படிவத்திலோ இரண்டு கட்டங்களையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். எங்கள் எல்லோருக்கும் சேர்த்துத் துறை அலுவலகம்தான் பட்டியல் அனுப்பியது. அங்கே யாரோ என் பெயரைப் பாதியாக வெட்டி, அப்பா பெயரை முதல் பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டுவிட்டார்கள். எனக்குக் காட்டவும் இல்லை, கேட்கவும் இல்லை.

கார்டு வாங்கப் போன இடத்தில் முன்னால் இருந்த தன்னார்வலர் பாஸ்போர்ட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் இருக்கும் பெயரைக் காட்டி, "இவர் யார்?" என்றார்.

"என் அப்பா."

"அவர் எப்போது வருவார்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விருதுநகரில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் எப்போது வருவார் என்று நான் என்ன சொல்ல? விளக்கினேன். அவருக்குப் புரிந்தது, மனிதர் நல்லவர். ஆனால் மேற்பார்வையாளருக்குப் புரியவில்லை. பாதுகாப்புச் சரிபார்ப்பு இந்தப் பெயரில் முடிந்துவிட்டது, பெயரைத் திருத்தினால் சரிபார்ப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு நேரம் இல்லை, ஆகவே கார்டு இல்லை என்றார். துறை அலுவலகத்துக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு ஜெர்மன் அலுவலகத்தில் போனை எடுப்பார்கள் என்று நம்பியதே அதிகம்.

கடைசியில் காப்பாற்றியது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த பழைய மாணவர் விசா. அதில் இரண்டு பெயர்களும் தலைகீழ் வரிசையில் அச்சாகியிருந்தன! அதாவது ஜெர்மன் அரசே ஒருமுறை என்னை அந்த வரிசையில் அழைத்திருக்கிறது. மாலை ஷிப்டுக்கு வந்த வேறொரு மேற்பார்வையாளர் அதைப் பார்த்ததும் பேசாமல் நகல் எடுத்துக்கொண்டு கார்டைக் கொடுத்துவிட்டார். திருத்தவில்லை, அப்படியே கொடுத்தார். ஆக, போட்டி முழுவதும் என் முகத்துக்கு மேல் பெரிய எழுத்தில் அப்பா பெயரோடுதான் திரிந்தேன். போனில் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ நான்தான் ரிப்போர்ட்டராம்மா?" என்றார்.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கை. உங்கள் பெயரை வேறு யாரும் தட்டச்சு செய்ய விடாதீர்கள். விடத்தான் வேண்டும் என்றால், பாஸ்போர்ட்டில் உள்ளபடி இன்ன கட்டத்தில் இன்னது என்று எழுதி அனுப்பி, அனுப்பிய பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வரிசையிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் பையில் இருக்கட்டும்.

கார்டுக்கு அலைந்ததில் மீடியா சென்டர் அறிமுகச் சுற்று போய்விட்டது. முடிவுத்தாள் எங்கே அச்சாகும், வைஃபை கடவுச்சொல் என்ன, பத்திரிகையாளர் வாசல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றையும் அடுத்தவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் தூரம். இந்தப் போட்டி ஓர் ஊரில் நடக்கவில்லை. போஹும், எஸ்ஸென், டூயிஸ்பர்க், ம்யூல்ஹைம், ஹாகன் என்று ரூர் ஊர்களில் பிரித்து வைத்தார்கள். நீச்சலும் வாலிபாலும் சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி பெர்லினில். புதிதாக எதையும் கட்டாமல் இருப்பதை வைத்து நடத்துவது என்ற கொள்கை. விளையாட்டு வீரர் கிராமம்கூடக் கிடையாது, அணிகள் ஓட்டல்களில் தங்கின. செலவு மிச்சம், சரிதான். ஆனால் நிருபருக்கு அது பெரிய இழப்பு. கிராமம் இருந்தால் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே நின்றே பாதிக் கதைகளைப் பிடித்துவிடலாம். இங்கே போட்டி முடிந்து பேருந்தில் ஏறினால் ஆள் போய்விட்டார், அவ்வளவுதான். வரைபடத்தில் எஸ்ஸெனும் ம்யூல்ஹைமும் டூயிஸ்பர்கும் ஒட்டிக்கொண்டு இருக்கும். நடுவழியில் ரயிலை நிறுத்தி, "இந்த வண்டி இன்று இத்தோடு முடிகிறது" என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போதுதான் உண்மையான தூரம் தெரியும். இப்படி ஒரு முழு கூடைப்பந்து ஆட்டமே எனக்குப் போனது. போய்ச் சேர்ந்தபோது அரங்கில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் இரண்டு ஊர் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். செய்தி ஆசிரியர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எங்கள் ஆசிரியர் அதிகம் முகம் சுளிப்பவர்தான். பல வருடம் செய்தி நிறுவனத்தில் இருந்துவிட்டுப் பாடம் எடுக்க வந்தவர். உணர்ச்சி பொங்கும் முதல் பத்தி அவருக்கு ஆகாது. யார், எந்த நாடு, எத்தனை மீட்டர், எந்த இடம் என்ற நான்கும் முடிவுத்தாளோடு ஒத்துப்போனால்தான் காப்பியை, அதாவது நாங்கள் எழுதிய செய்தியை, தொடுவார். அந்தத் தாளைப் படிப்பதே ஒரு பாடம். ஓட்டத்தில் பெயருக்குப் பக்கத்தில் பெரிய க்யூ (Q) என்றால் இடத்தின் அடிப்படையில் நேரடித் தகுதி, சின்ன க்யூ (q) என்றால் நேரத்தின் அடிப்படையில் கிடைத்த தகுதி. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால், ஹீட்டில் (முதல் சுற்று ஓட்டம்) நான்காவதாக வந்தவர் எப்படி அரையிறுதியில் ஓடுகிறார் என்று வாசகர் குழம்புவார்.

வகுப்பில் யாரும் ஒழுங்காகச் சொல்லித் தராதது மிக்ஸ்டு ஜோன். போட்டி முடிந்து வீரர்கள் வெளியேறும் பாதையில் தடுப்பு வைத்து, அதற்கு இந்தப் பக்கம் நம்மை நிறுத்துவார்கள். முதலில் தொலைக்காட்சி, பிறகு வானொலி, பிறகு செய்தி நிறுவனங்கள், வால் முனையில் நாங்கள். எங்களிடம் வரும்போது வீரருக்குக் குரலே இருக்காது. ஒரு நாட்டு அணி அதிகாரி, "இவருக்கு ஆங்கிலம் தெரியாது" என்று கையை வீசி வீராங்கனையை இழுத்துப் போனார். அதே வீராங்கனை பத்தடி முன்னால் தொலைக்காட்சிக்கு ஆங்கிலத்தில் பேசியதை என் காதால் கேட்டேன். கேட்டு என்ன செய்ய? அடுத்த ஆளைப் பார்க்க வேண்டியதுதான்.

போகப் போக ஒரு வித்தை பிடிபட்டது. "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டால் "மகிழ்ச்சி" என்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். "என்ன படிக்கிறீர்கள், தேர்வு எப்போது?" என்று கேட்டுப் பாருங்கள், கால் நின்றுவிடும். வேறெந்தப் பெரிய போட்டியிலும் இந்தக் கேள்வி இவ்வளவு செல்லாது. இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். குண்டு எறியும் ஒரு பெண், பேராசிரியர் தேர்வைத் தள்ளிவைக்க மறுத்த கதையை ஆரம்பித்து, பின்னால் வந்த தன் அணித் தோழியையும் நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னார். போட்டியில் அவருக்குப் பதக்கம் இல்லை. ஆனால் நான் எழுதியதிலேயே ஆசிரியர் வெட்டாமல் விட்ட முதல் காப்பி அதுதான்.

நம்மவர்கள் படித்திருக்கக்கூடிய செய்தி ஒன்று ம்யூல்ஹைமிலிருந்து வந்தது. பேட்மின்டன் கலப்பு அணிப் போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றது. பத்திரிகையாளர் வரிசையில் நாங்கள் எல்லோரும் இறகுப்பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், ஸ்கோர், கேம் பாயின்ட் என்று. உண்மையான செய்தி களத்திலேயே இல்லை. இந்தியாவிலிருந்து 12 பேர் வந்திருக்கிறார்கள், மேலாளர்கள் கூட்டத்தில் 6 பேரின் பெயர்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. மீதி 6 பேர் அவ்வளவு தூரம் பறந்து வந்தும் ஆட முடியவில்லை. விடுபட்டவர்களில் ஒருவர் சமூக ஊடகத்தில் எழுதிய பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. விளையாட்டுச் செய்தியாளராக எத்தனையோ வருடம் இருந்தவர்களும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

என் ஆசிரியர் அன்று கண்டனக் கருத்து எதையும் தேடிப் போகச் சொல்லவில்லை. "பெயர்ப் பட்டியலை யார், எப்போது, எங்கே கொடுக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் தேடு" என்றார். சலிப்பான வேலை. ஆனால் அதைப் படித்த பிறகுதான் ஒரு சாதாரணக் கூட்டத்தில் கொடுக்கப்படும் ஒரு தாள் எவ்வளவு பேருடைய வருடத்தைத் தீர்மானிக்கிறது என்று விளங்கியது. அணிப் போட்டி என்றால் அதன் பிறகு நான் முதலில் கேட்டு வாங்கியது அணிப் பட்டியலைத்தான். வந்தவர்கள் எத்தனை, பட்டியலில் எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன்.

எனக்கும் ஆசிரியருக்கும் ஒரே ஒரு சண்டை வந்தது, அதுவும் பெயரில்தான். தடகளம் போஹுமின் வாட்டன்ஷைட் பகுதியில் உள்ள லோர்ஹைடே மைதானத்தில். மும்முறைத் தாண்டலில் பிரவீன் சித்ரவேல் 16.66 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கிய நாளில் நான் வரும் செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் இருந்தேன். 17.37 மீட்டர் தேசிய சாதனை வைத்திருப்பவர், தமிழ்நாட்டுக்காரர். வந்த காப்பியில் இரண்டாவது வரியிலிருந்து வெறும் "சித்ரவேல்" என்றே இருந்தது, ஆங்கில நடைமுறைப்படி. நான் எல்லா இடத்திலும் "பிரவீன்" என்று மாற்றினேன். ஆசிரியர் திரும்ப மாற்றினார். நம் வழக்கத்தில் பின்னால் வருவது அப்பா பெயர், இப்படி எழுதினால் தாண்டியது மகன், பாராட்டு அப்பாவுக்கு என்று ஆகிவிடும் என்றேன். முடிவுத்தாளில் அப்படித்தானே இருக்கிறது என்றார். என் கழுத்துக் கார்டைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர், தமிழ்ப் பெயர்களுக்கு முதல் பெயரைப் பயன்படுத்தலாம் என்று எங்கள் செய்திப்பிரிவின் நடைக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தார். பதக்கம் என்று எனக்கு ஏதாவது கிடைத்திருந்தால் அந்த வரிதான்.

கடைசி நாள் ஆண்கள் 4x100 தொடரோட்டத்தில் தென்கொரியா தங்கம், தென்னாப்பிரிக்கா வெள்ளி, 38.89 விநாடியில் இந்தியா வெண்கலம். லாலு பிரசாத் போயி, அனிமேஷ் குஜூர், மணிகண்டா ஹோப்ளிதார், மிருத்யம் ஜெயராம் டொண்டபட்டி என்ற நான்கு பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல் அடித்து முடிப்பதற்குள் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மொத்தத்தில் 2 தங்கத்தோடு 12 பதக்கங்கள் இந்தியாவுக்கு.

அடுத்த கோடைப் போட்டி 2027 ஆகஸ்டில் தென்கொரியாவின் சுங்சியோங்கில். ஃபிசுவின் இளம் நிருபர் திட்டத்துக்கு முயல நினைப்பவர்கள் கவனிக்க: பொதுவாக உங்கள் நாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பு வழியாகத்தான் பெயர் போக வேண்டும். இந்தியாவில் அது இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம். உங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் இப்படி ஒரு திட்டத்தைக் கேள்விப்பட்டிருக்காமலே இருக்கலாம், அறிவிப்பை நீங்களே அச்சடித்துக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதி வெளிவந்த விளையாட்டுச் செய்திகள் சில கைவசம் வேண்டும். பல்கலைக்கழக மண்டலப் போட்டிகளைப் பற்றியதாக இருந்தால்கூடப் போதும். பெரிய கிரிக்கெட் அலசல்களைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், இந்தப் போட்டியில் கிரிக்கெட் கிடையாது. வில்வித்தை, ஜூடோ, டேக்வாண்டோ மாதிரி ஒன்றின் விதிகளை இப்போதே படிக்க ஆரம்பியுங்கள், ஜூடோவில் எது இப்போன் (ஆட்டத்தையே முடிக்கும் முழுப் புள்ளி) எது வாசா-ஆரி (அதற்குக் குறைந்த புள்ளி) என்று உங்களைக் கேட்க ஆள் வருவார்கள்.