பட்டடை நாட்குறிப்பு: 1·2·7

பிப்ரவரி 3

பட்டடை வந்து இறங்கியது; கொல்லர் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புப் பீடம். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கி வைத்தோம். ராத்திரி வரை இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. "பத்து நாள் வெச்சுப் பாருங்க, பிடிச்சா எடுத்துக்குங்க" என்று கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். உடம்பெல்லாம் துரு, அதன் மேல் யாரோ அப்பிய கறுப்புப் பெயின்ட். கை பரபரத்தது. கிரைண்டரை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

பெயின்ட் ரிமூவரும் பித்தளைக் கம்பி பிரஷ்ஷும் மட்டும்தான். மதியம் முழுக்கத் தேய்த்தும் பக்கவாட்டில் மொட்டை இரும்புதான் தெரிந்தது. இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் படுக்கப் பிடித்தேன். நிழல் விழுந்து எழுத்துகள் மேலே வந்தன. சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்ததும் பள்ளத்தில் வெள்ளை தங்கிப் படிக்கவே முடிந்தது: பீட்டர் ரைட். பட்டடை செய்தவர்கள், இங்கிலாந்தில் டட்லிக்காரர்கள். வட்ட முத்திரைக்குள் ‘சாலிட் ராட்’ (Solid Wrought), அதாவது உடம்பு தேனிரும்பு, அடித்து உருவாக்கும் மென்மையான இரும்பு. கீழே 1·2·7.

127 பவுண்டு, சுமார் 58 கிலோ என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 5

58 கிலோவுக்கா இடுப்பு இந்தப் பாடு படும்? தராசில் ஏற்றினேன். 78.5 கிலோ.

தப்பு என்னுடையது. அது ஒரே எண் இல்லை, மூன்று எண்கள். முதலாவது ஹண்ட்ரட்வெயிட், ஒன்றுக்கு 112 பவுண்டு. இரண்டாவது அதில் கால் பங்கு, 28 பவுண்டு. மூன்றாவது மிச்சப் பவுண்டு. 112, 56, 7 சேர்த்தால் 175 பவுண்டு, 79.4 கிலோ. தேய்மானத்திலும் துருவிலும் ஒரு கிலோ போயிருக்கும், சரியாக வருகிறது. இந்தக் கணக்கில் நடு எண் 3-ஐத் தாண்டாது, கடைசி எண் 27-ஐத் தாண்டாது. தாண்டியிருந்தால் வேறு கணக்கு. அமெரிக்கப் பட்டடைகளில் பெரும்பாலும் நேரடியாகப் பவுண்டுதான்.

‘இங்கிலாந்து’ என்றும் ஒரு முத்திரை இருக்கிறது. அமெரிக்காவுக்குள் போகும் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற சட்டம் 1891-ல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த முத்திரை இல்லாததை வைத்து மட்டும் முந்தியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 6

வால் பக்கம், அதாவது கூம்பிய கொம்புக்கு எதிர் முனையில், சதுரத் துளை, பக்கத்தில் சின்ன வட்டத் துளை. வட்டத் துளை இல்லாத பட்டடை என்றால் 1830-களுக்கு முந்தியதோ என்று சந்தேகப்படலாம். கொம்புக்கு அடியிலும் அடிப்பாகத்திலும் இருக்கும் சதுரக் குழிகளைப் பார்த்து "போல்ட் போடவா?" என்று பையன் கேட்டான். இல்லை, பட்டடையையே செய்யும்போது கம்பி செருகிப் பிடித்துத் திருப்ப வைத்தவை.

பிப்ரவரி 8

இன்று குண்டுச் சோதனை, மேல்பரப்பு எவ்வளவு கெட்டி என்று தெரிய. 25 மி.மீ. பேரிங் குண்டு ஒன்று, ஸ்கேல் ஒன்று. 10 அங்குல உயரத்திலிருந்து விட்டால் எத்தனை அங்குலம் திரும்பி எழும்புகிறது என்று பார்ப்பது. 7-க்கு மேல் வந்தால் எனக்குத் திருப்தி.

முகத்தில், அதாவது அடிக்கும் மேல்பரப்பில், சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு மூன்று முறை விட்டேன். நடுவில் 8. கொம்புப் பக்கம் 8. வாலில் 7, அங்கே அடியில் தாங்கல் இல்லாததால் கொஞ்சம் குறையும். வலது ஓரத்தில், கையகல இடத்தில் மட்டும் 4. அதுவரை ‘டிங்’ என்று துள்ளிய குண்டு அங்கே ‘டொக்’ என்று உட்கார்ந்தது.

மேல் தகடு உடம்பிலிருந்து விட்டுப்போயிருக்கிறதோ என்று வயிற்றைக் கலக்கியது. தேனிரும்பு உடம்பின் மேல் அரை அங்குல அளவுக்கு எஃகுத் தகட்டைக் காய்ச்சி அடித்து ஒட்டியிருப்பார்கள். அது கழன்றால் பட்டடை போச்சு. ஒட்டு தெரியும் கோட்டைப் பக்கத்தில் தேடி, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக் காத்திருந்தேன். கசிவு இல்லை. பிறகு அரத்தை வைத்தேன். மற்ற இடத்தில் வழுக்கிக்கொண்டு போன அரம், அந்த ஓரத்தில் மட்டும் கடித்தது. உடைந்த விளிம்பை யாரோ வெல்டிங் வைத்து நிரப்பியிருக்கிறார்கள். சூட்டில் பதம் இறங்கிவிட்டது. கழன்றதைவிட இது எவ்வளவோ மேல்.

கொம்புக்கும் முகத்துக்கும் நடுவில் உள்ள தாழ்ந்த படியில் உளி வெட்டுகள் நிறைய. அதைக் குறையாக எழுத மாட்டேன். அங்கே எஃகுத் தகடு கிடையாது. உளி மழுங்காமல் வெட்டத்தான் அந்த இடமே.

பிப்ரவரி 9

கிரைண்டர் கதை. என் முதல் பட்டடையின் முகம் நடுவில் 3 மி.மீ. குழிந்திருந்தது. கண்ணாடி மாதிரி வேண்டும் என்று ஒரு பட்டறையில் கொடுத்து மில்லிங் போட்டேன். பளபளவென்று வந்தது. அடித்தபோது சுத்தியல் திரும்பி எழும்பவில்லை, பட்ட இடமெல்லாம் வடு. இருந்ததே மெல்லிய தகடு; அதில் பாதியை நானே காசு கொடுத்துச் சீவியிருக்கிறேன். லேசான குழி இருந்தால்தான் வளைந்த கம்பியை நிமிர்த்த வசதி என்று அப்புறம்தான் தெரிந்தது.

பிப்ரவரி 11

நண்பரின் பட்டடையைத் தட்டினால் மரக்கட்டை மாதிரிச் சத்தம். "விரிசல் விட்டிருக்கு, பழைய இரும்புக்குப் போடப் போறேன்" என்றார். பக்கத்தில் கழுகு உருவம் புடைப்பாக இருந்தது. ஃபிஷர் கம்பெனிப் பட்டடை! வார்ப்பிரும்பு உடம்பு, எஃகு முகம். அது கணீரென்று பாடவே பாடாது. குண்டு 8 அங்குலம் எழும்பியது. முகம் வெளுத்தது அவருக்கு.

பிப்ரவரி 12

எடுத்துக்கொள்கிறேன் என்று பட்டடை கொடுத்தவருக்குப் போன் செய்தேன். வெல்டிங் விஷயத்தையும் சொன்னேன். "அது எங்கப்பா வெச்சதுங்க" என்றார். பட்டடையின் இடுப்பைச் சுற்றிக் கனமான சங்கிலி கட்டியாயிற்று, சத்தம் பாதியாகியிருக்கிறது. அந்த ஓரத்தில் மட்டும் சிவப்புச் சாக்பீஸ் கோடு.