பாதியில் நின்ற கிட் காரை வாங்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தது

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கோத்துக் கட்டுகிற கிட் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், அதன் ரசீதும் படமும் உள்ள ஃபைல் எவ்வளவு தடிமன் என்றுதான் முதலில் கேட்பேன். என்ஜின், பெயிண்ட், டயர் எல்லாம் அப்புறம். கம்பெனியில் தயாரான கார் என்றால் அதே மாதிரி ஆயிரக்கணக்கில் ஓடும், எது எங்கே இருக்கும் என்று எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கிட் காரை யாரோ ஒருவர் தன் ஷெட்டில் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து கட்டியிருப்பார். எந்த நட்டை எப்போது முறுக்கினார், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், எழுதி வைத்திருந்தால் நமக்கும் தெரியும். இந்த வண்டியோடு பதினான்கு மாதம் மல்லுக்கட்டிய பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

நான் வாங்கியது லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் உள்ள ஒரு திறந்த இரண்டு சீட் வண்டி. இரும்புக் குழாய்களை வெல்டு செய்த சேசிஸ், அதாவது வண்டியின் எலும்புக்கூடு, பக்கவாட்டில் அலுமினியத் தகடு, மூக்கும் மட்கார்டும் ஃபைபர், என்ஜினும் கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் ஒரு பழைய காரிலிருந்து எடுத்தவை. அசல் செவன் 1957இல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் கொண்டுவந்தது. அன்றைய பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி நாமே கோத்துக்கொண்டால் அந்த வரி இல்லை, அதனால்தான் அதைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். 1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போனது, அதே வருடம் செவன் கேட்டர்ஹாம் என்ற கம்பெனியின் கைக்கு மாறியது. ஆனாலும் அந்த வடிவத்தை ஆளாளுக்குக் கட்டுவது இன்றுவரை நிற்கவில்லை, காரணம் ஒருமுறை அதில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். முன்சக்கரம் திரும்புவது கண்ணெதிரே தெரியும்.

இதைக் கட்டத் தொடங்கியவர் முக்கால்வாசி முடித்துவிட்டு முழங்கால் வலியால் நிறுத்திவிட்டார். ஒன்பது வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நான் போனபோது வண்டியைக் காட்டுவதற்கு முன்பே ஒரு தடித்த ஃபைலையும் கோடு போட்ட நோட்டு ஒன்றையும் எடுத்து மேஜையில் வைத்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது, கட்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி போட்ட படம், என்ஜின் எடுத்த பழைய காரின் பதிவுப் புத்தகம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘பின் இடது பிரேக் பைப், நட்டு?’ என்று எழுதி அந்தக் கேள்விக்குறியை இரண்டு முறை அழுத்தியிருந்தார். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். சந்தேகத்தைக் கூட எழுதி வைக்கிற ஆள் கட்டிய வண்டி.

பேப்பர் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். செகண்ட் ஹேண்ட் கிட் கார்கள் மூன்று விதமாக வரும். ஒன்று, இன்னும் பதிவே ஆகாதது, என்னுடையது மாதிரி. இரண்டு, ரோட்டில் ஓட்டத் தகுதியா என்று பார்க்கும் ஆய்வை முறையாக முடித்து கிட் காராகவே பதிவானது, இதுதான் தலைவலி இல்லாதது, அதனால் விலையும் ஏறும். மூன்றாவதுதான் ஆபத்து: புத்தகத்தில் இன்னமும் பழைய காரின் பெயரே இருக்கும், வெளியே பார்த்தால் வேறு வண்டியாக நிற்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தில் கட்டிய பகிகள், அதாவது மணலில் ஓட்டும் திறந்த வண்டிகள், இதற்கு நல்ல உதாரணம். புரூஸ் மையர்ஸ் 1964இல் ஃபைபர் பாடியில் செய்த மேங்ஸ் பகிக்குப் பிறகு அதே மாதிரி உலகம் முழுக்க வந்துவிட்டன, அவற்றில் பல பீட்டிலின் அடித்தளத்தை ஓர் அடிக்கு மேல் வெட்டிக் குறுக்கி ஒட்டியவை. வெட்டிய சேசிஸுக்குப் பழைய அடையாளம் செல்லுமா? பிரிட்டனில் 2025 வரை செல்லாது என்றுதான் விதி இருந்தது, மறுபடி ஆய்வுக்குப் போக வேண்டியிருந்தது, ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் நம்பர்தான் கிடைத்தது, அதாவது இதன் வயதும் பிறப்பும் உறுதியில்லை என்று பிளேட்டே சொல்லும். விற்கிறவர் இத்தனை வருடம் ஓடியதே என்பார். ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்து சேசிஸைப் பார்க்கும் நாள் வரைக்கும்தான் அந்தப் பேச்சு நிற்கும். எனவே சேசிஸ் நம்பர் எங்கே குத்தியிருக்கிறது என்று கேட்டு, துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். என்ஜின் நம்பரும் அப்படியே. என்ஜின் எந்த வருடத்தது என்று நிரூபிக்க முடிந்தால் பல இடங்களில் அந்த வருடத்துப் புகை அளவுதான் கேட்பார்கள், நிரூபிக்க முடியாவிட்டால் பழைய என்ஜினை இன்றைய அளவுக்குக் கொண்டுபோக வேண்டிவரும், அது கார்புரேட்டர் வண்டியில் நடக்கிற காரியமில்லை.

வண்டியைப் பார்க்கும்போது டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கையில் இருக்கட்டும். சேசிஸில் வெல்டிங் கோடு தொடர்ச்சியாக இருக்கிறதா, குழாயின் அடிப்பக்கம் துரு தின்றிருக்கிறதா, அலுமினியமும் இரும்பும் ஒட்டும் இடத்தில் வெள்ளைப் பொடி கட்டியிருக்கிறதா. சீட் பெல்ட் போல்ட்டு எதில் போய் இறங்குகிறது என்று கட்டாயம் கீழே படுத்துப் பாருங்கள், வெறும் தரைத் தகட்டில் வாஷர் போட்டு முறுக்கியிருந்தால் அந்த பெல்ட் யாரையும் பிடித்து நிறுத்தாது, அது சேசிஸ் குழாயோடு வெல்டு செய்த தடித்த பிளேட்டில்தான் இறங்க வேண்டும். டயர் புதுசு, ரோட்டையே தொடவில்லை என்று சொல்வார்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரம். என் வண்டியின் டயரில் ரப்பர் முள் கூடத் தேயவில்லை, ஆனாலும் நான்கையும் தூக்கிப் போட்டேன், வருடக் கணக்கில் நின்றே கிடந்த ரப்பர் இறுகிப்போய் ஈரத்தில் வழுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பிரேக்கைத்தான் தொட்டேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும், அப்படிப்பட்ட ஆயிலோடு மலையிறக்கத்தில் மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போகும். முழுவதையும் வடித்து, ரப்பர் சீல் எல்லாம் மாற்றி, புது ஆயில் ஊற்றி ஏர் எடுத்தேன். மறுநாள் காலை பின் இடது பைப் நட்டுக்குக் கீழே ஒரு சொட்டு. நோட்டில் இருந்த அதே நட்டு. கழற்றிப் பார்த்தால் பைப் முனையை விரித்த இடத்தில் மயிரிழையாக ஒரு விரிசல், நகத்தால் தடவினால்தான் தெரிகிறது. புது பைப் வளைத்துப் போட்டேன். அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்தச் சொட்டைத் தரையில் இருந்த வேறு ஏதோ கறை என்று நினைத்திருப்பேன்.

அப்புறம் வயரிங். இடது இன்டிகேட்டர் போட்டால் பின் லைட்டும் சேர்ந்து துடித்தது. இரண்டு வாரக் கடைசிகள் வயரை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போனேன், கோளாறு மிக எளியது. இரும்பு பாடி உள்ள காரில் லைட்டைத் திருகினாலே பாடி வழியாக எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, கிடைத்துவிடும். ஃபைபர் வழியாக மின்சாரம் போகாது, ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக ஒரு எர்த் வயர் சேசிஸ் வரைக்கும் போக வேண்டும். பின் மட்கார்டில் இரண்டு லைட்டுக்கும் ஒரே எர்த், அதுவும் பெயிண்ட் அடித்த இடத்தில் திருகியிருந்தது. பெயிண்டைச் சுரண்டி, தனித்தனி வயர் இழுத்ததும் துடிப்பு நின்றது. ஃபைபர் பாடி வண்டியில் எந்த லைட் கோளாறு வந்தாலும் முதலில் எர்த்தைப் பாருங்கள், பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

ஆய்வு விதி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஐவிஏ எனப்படும் தனி வண்டி ஒப்புதல் ஆய்வு, ஜெர்மனியில் தனி வண்டிக்கான தொழில்நுட்ப ஆய்வு, அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி. உங்கள் நாட்டு விதியைத்தான் நீங்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும், ஆனால் எங்கே இருந்தாலும் பிரிட்டனின் ஐவிஏ கையேட்டை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன், இலவசம்தான். ஒரு தனி ஆள் கட்டிய வண்டியில் எது எது ஆளைக் காயப்படுத்தும் என்று இவ்வளவு விவரமாக எழுதியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அதன் வெளி விளிம்புப் பகுதியைப் படித்த பிறகு என் வண்டியை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. 100 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள ஒரு பந்தை வண்டியின் வெளிப்புறத்தில் உருட்டினால் அது தொடுகிற எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். நடந்து போகிறவர் மேல் வண்டி உரசினால் சதை கிழியக்கூடாது என்பதுதான் கணக்கு. நான் ஒரு பிளாஸ்டிக் பந்தைத் தேடிப் பிடித்து, அதில் சாக்பீஸ் தடவி, வண்டி முழுக்க உருட்டினேன். சாக்பீஸ் பட்ட இடமெல்லாம் அரம் போட்டேன், இல்லாவிட்டால் ரப்பர் பட்டை ஒட்டினேன், வெளியே தெரிந்த நட்டுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி. நாற்பத்தியொரு தொப்பி.

ஸ்பீடோமீட்டரும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஐநா ஒழுங்குவிதி 39இன்படி அது உண்மை வேகத்தை விடக் குறைவாகக் காட்டவே கூடாது, கூடுதலாகக் காட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும். 80இல் போனால் முள் 80க்கும் 92க்கும் நடுவே எங்காவது நிற்கலாம். டயர் அளவு மாறினால் இது மாறும். போனில் ஜிபிஎஸ் வைத்து ஒரு தனியார் இடத்தில் ஓட்டிச் சரிபார்த்தேன், தப்பில்லை.

ஸ்டீயரிங்தான் என்னை உட்கார வைத்தது. முதல் ஆய்வில் வண்டி அதில்தான் தோற்றது. ஆய்வாளர் மெதுவாக வட்டமடித்து ஸ்டீயரிங்கை விட்டார், அது தானாக நேராக வர வேண்டும், வரவில்லை, விட்ட இடத்திலேயே சோம்பலாக நின்றது. இந்த வகை வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறதாம், முன்பக்கம் எடை குறைவு, அதனால் சக்கரத்தை நேராக்கும் விசையும் குறைவு. அந்த விசையைத் தருவது காஸ்டர் கோணம்: சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அது மேலே பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வை நினைத்துக்கொள்ளுங்கள், கையை விட்டாலும் நேராக ஓடுவதில் அந்தச் சாய்வுக்கும் பங்கு உண்டு. அளந்தேன், மூன்று டிகிரிதான் இருந்தது. சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கையான மேல் விஷ்போனின் வாஷர்களை முன்னும் பின்னும் மாற்றி ஐந்தரைக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் தேறியது, போதவில்லை.

மறுபடி ஃபைலைத் திறந்தேன். ஸ்டீயரிங் தண்டு மாட்டிய நாளின் படத்தில், தண்டைத் தாங்கும் கீழ் புஷ் சேசிஸுக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து தண்டைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங் சக்கரத்தை இரண்டு விரலால் சுற்றினேன். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் இறுகுகிறது. ரேக் தனியாகச் சுலபமாக ஓடுகிறது, ஆக இடைஞ்சல் தண்டில்தான். புஷ் பிராக்கெட்டின் ஓட்டையை நீள்வட்டமாக அரத்தால் இழைத்து, தண்டு தானாகத் தேடிக்கொள்கிற நேர்கோட்டில் புஷ்ஷை நிறுத்தி முறுக்கினேன். மொத்தம் மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பிறகு வட்டமடித்து விட்டபோது ஸ்டீயரிங் என் விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு நேராக வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி நின்றுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு குறை, கண்ணாடியைத் தாங்கும் பிராக்கெட்டின் அடி விளிம்பு. என் பந்து அங்கே போகவில்லை, ஆய்வாளருடைய பந்து போனது. அதையும் இழைத்து மறு ஆய்வுக்குக் கொண்டுபோனேன், அரை மணி நேரத்தில் முடிந்தது. சத்தம், புகை, லைட், பிரேக் எல்லாம் முதல் தடவையே சரி. பதிவுக்கு ஃபைலில் இருந்த ரசீதுகளும் படங்களும் அப்படியே போயின, ஒரு கேள்வி கூட வரவில்லை.

இப்போது 600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் 200இல் ஒருமுறை டார்க் ரெஞ்ச் போட்டு எல்லா நட்டையும் பார்த்தேன், பின் ஆக்சில் போல்ட்டு ஒன்றும் சைலன்சர் கிளாம்ப் ஒன்றும் தளர்ந்திருந்தன. நோட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே அதைத் தேதியோடு எழுதினேன், பின் இடது பிரேக் பைப்புக்கு நேராக ‘மாற்றியாச்சு’ என்றும். அடுத்த ஞாயிறு வண்டியை அவரிடம் கொண்டுபோகிறேன். முழங்காலை மடக்கி உள்ளே இறங்க முடியுமா தெரியவில்லை, முடியும் என்கிறார், ஸ்டீயரிங்கைக் கழற்றி வைத்தால் இடம் கிடைக்குமாம்.