பனி காணாத ஊரிலிருந்து ஓர் ஐஸ் ஹொக்கி ஒப்படை

உடற்கல்வி டிப்ளோமாவின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஓர் ஒப்படை தந்தார்கள். சர்வதேச மட்டத்தில் நடக்கும் இளையோர் போட்டி ஒன்றைத் தெரிவுசெய்து அதன் விதிகள், உடற்தகைமை, அணித் தெரிவு ஆகியவற்றை எழுத வேண்டும். பிறகு பதினைந்து நிமிட முன்வைப்பு, அதன்பின் வாய்மொழிப் பரீட்சை. வகுப்பில் அரைவாசிப் பேர் கிரிக்கெட்டை எடுத்தார்கள். நான் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹொக்கிப் போட்டியை எடுத்தேன். ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவின் மகனுக்கு மார்கழி பிறந்தால் வேறு பேச்சே கிடையாது. அந்தப் போட்டி நத்தாருக்கு மறுநாள் அளவில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். அங்கே மாலை ஏழரை என்றால் இங்கே மறுநாள் காலை ஆறு மணி. முல்லைத்தீவில் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் தம்பியின் குரல் தொலைபேசியில் கேட்கும். 2025இல் ஒட்டாவாவில், சொந்த மண்ணில், கனடா காலிறுதியில் செக் அணியிடம் 3–4 எனத் தோற்ற அன்று அவன் அழுதே விட்டான். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டம் ஒரு நாட்டை இப்படி உலுக்குமா என்ற வியப்புத்தான் என்னை இதற்குள் இழுத்தது.

முதல் வரைவு முப்பது பக்கம் வந்தது. 1977இல் அதிகாரபூர்வமாகத் தொடங்கிய நாளிலிருந்து யார் வென்றார்கள் என்ற அட்டவணை, பத்து அணிகள் இரண்டு குழுக்களாகப் பிரியும் முறை, வழமையான நேரத்துக்குள் வென்றால் 3 புள்ளி, மேலதிக நேரத்தில் வென்றால் 2, அப்படித் தோற்றவருக்கு 1 என்ற கணக்கு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. விரிவுரையாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் நீர் எங்கே இருக்கிறீர்?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பார்க்காத விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறவர்கள் எல்லோரும் விழும் குழி இதுதான். தெரியாததை மறைப்பதற்காகத் தகவலைக் குவித்துவிடுகிறோம்.

வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் பனிக்கட்டி உள்ள ஒரே இடம் மீன் வாடி. லொறியில் வரும் நீண்ட ஐஸ் கட்டிகளை உடைத்து மீன் பெட்டிகளில் நிரப்புவார்கள். ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக ஆடப்படும் 'பக்' என்பது கடினமாக்கப்பட்ட ரப்பர் வட்டு. விட்டம் 7.62 சென்ரிமீற்றர், தடிப்பு 2.54 சென்ரிமீற்றர், எடை 156 முதல் 170 கிராம். ஆட்டத்துக்கு முன் அதை உறையவைப்பார்கள் என்று வரைவில் எழுதியிருந்தேன். ஏன் என்று எழுதவில்லை. பழைய டயரில் இரண்டு வட்டங்கள் வெட்டி, ஒன்றை உப்புப் போட்ட ஐஸுக்குள் ஒரு மணி நேரம் புதைத்தேன். மற்றதை வெயிலில் வைத்தேன். இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போட்டபோது, வெயிலில் கிடந்தது துள்ளியது. குளிர்ந்தது சற்றே எழும்பி அடங்கியது. துள்ளாத வட்டு தளத்தோடு ஒட்டி வழுக்கும், கட்டுப்படுத்த இலகு. ஒரு மணி நேரத்தில் கையால் அறிந்த இந்த ஒரு காரணம் மற்ற விதிகளையும் "ஏன்" என்று கேட்க வைத்தது.

அடுத்தது மைதானம். நீங்கள் எந்த விளையாட்டை எடுத்தாலும் அதன் ஆடுதளத்தை உங்கள் பாடசாலை நிலத்தில் முழு அளவில் ஒருமுறை வரையுங்கள். 60க்கு 30 மீற்றர் என்பது தாளில் வெறும் எண். அளவுநாடா பிடித்து, ஓட்டத் தடங்களுக்குப் போடும் சுண்ணாம்புத் தூளால் கோடிட்ட பிறகுதான் அதற்குள் ஒன்பது கரப்பந்தாட்டத் திடல்கள் அடங்கும் என்று கண்டேன். பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் பனைமட்டையைச் சீவிக்கொண்டு வந்தார்கள். கோல் காப்பாளருடன் பக்கத்துக்கு ஆறு பேர். எதிரணியின் கோல் பகுதியைப் பிரிக்கும் நீலக் கோட்டை வட்டுக்கு முன் ஆள் தாண்டக் கூடாது என்ற விதியை நான்கு நாள் வாசித்தும் விளங்காத எனக்கு, பையன்கள் கோல் வாசலிலேயே போய்க் காத்து நின்றபோது ஒரு நிமிடத்தில் விளங்கியது. அந்த விதி இல்லாவிட்டால் நடு மைதானம் வெறுமையாகிவிடும். சிறு தவறு செய்தவரை 2 நிமிடம் வெளியே இருத்தும் தண்டனையையும் ஆடிப்பார்த்தோம். கபடியில் ஆள் குறைந்த அணி தடுமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

உடற்தகைமைப் பகுதிக்கு என் உடம்பையே பயன்படுத்தினேன். ஆட்டம் 20 நிமிடமாக மூன்று பகுதி. ஆனால் ஒரு வீரர் ஏறத்தாழ 45 செக்கன் முழு வேகத்தில் ஆடிவிட்டு, கடிகாரம் நிற்காமலே வெளியே வந்து அடுத்தவருக்கு இடம் விடுகிறார். நான் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் 45 செக்கன் முழு மூச்சாய் ஓடினேன். முதல் பத்துச் செக்கன் கால்கள் தாமாகப் போயின. அது தசையில் தயாராக இருக்கும் ஏ.டி.பி–கிரியேற்றின் பொஸ்பேற்றுச் சக்தி. முப்பதாவது செக்கனில் தொடை எரியத் தொடங்கியது. அங்கே ஒட்சிசன் போதாமல் குளுக்கோசு உடைகிறது. சக்தித் தொகுதிகள் பற்றிய அத்தியாயத்தை நான் மூன்று தடவை பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். அன்று மாலைக்குப் பிறகு பாடமாக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, உங்களிடம் நான் மிகவும் சொல்ல விரும்புவது. 2025 போட்டியில் ஆட 2005ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். எல்லைத் திகதி ஜனவரி 1. சாதாரண விதியாகத் தெரிகிறது. ஆனால் 1985இல் ரொஜர் பார்ன்ஸ்லியும் அவரது சக ஆய்வாளர்களும் கனடாவின் ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தார்கள். ஒன்பது வயதுப் பிரிவில் தையில் பிறந்தவனும் மார்கழியில் பிறந்தவனும் ஒன்றாக நிற்கும்போது, இருவருக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி இருக்கிறது. உயரமானவன் தெரிவாகிறான். நல்ல பயிற்றுநரும் கூடுதல் ஆட்டங்களும் அவனுக்குக் கிடைக்கின்றன. பிறகு அவன் உண்மையிலேயே திறமைசாலியாகிவிடுகிறான். மற்றவன் வீட்டுக்குப் போய்விடுகிறான்.

இதை வாசித்தபோது என் பாடசாலைத் தோழி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரம் என்ற ஒரு தாளுக்காக எங்கள் பெற்றோர் எத்தனை நாள் வரிசையில் நின்றார்கள் என்று தெரியும். அந்தத் தாளில் உள்ள மாதம் ஒரு பிள்ளையின் விளையாட்டை முடித்துவிடலாம் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் எல்லைத் திகதிக்குச் சற்று முன் பிறந்தவள். ஒவ்வொரு வலயத் தெரிவிலும் ஒரு சாண் குறைவாக நின்று, பதினான்கு வயதில் ஓடுவதையே விட்டுவிட்டாள். ஒப்படையின் கடைசிப் பத்துப் பக்கங்களை அவளை நினைத்துத்தான் எழுதினேன்.

வாய்மொழிப் பரீட்சையில் முதல் கேள்வியே, "முல்லைத்தீவுக்கு இந்த விளையாட்டு எதற்கு?" என்பதுதான். இப்படி ஒரு கேள்வி உங்களுக்கும் கட்டாயம் வரும். அட்டவணையோடு மட்டும் போயிருந்தால் நான் வாயடைத்து நின்றிருப்பேன். தோழியின் கதையையும் ஆய்வின் முடிவையும் சேர்த்துச் சொன்னேன். அதன்பின் பரீட்சகர்கள் என்னைக் கேட்டதைவிடத் தங்களுக்குள் விவாதித்ததே அதிகம்.

செய்முறை காட்ட ஐஸ் கொண்டுபோகிறவர்கள் உமிக்குள் புதைத்து, மேலே நனைத்த சாக்குப் போட்டுக் கட்டுங்கள். மாங்குளம் தாண்டும் பஸ் பயணத்துக்கு அது தாங்கும். வெற்றியாளர் பட்டியலுக்கு அரைப் பக்கம் போதும்.

இப்போது கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறேன். தெரிவுக்கு வரும் பிள்ளைகளின் பட்டியலில் உயரம், நேரம், தூரம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்துக்கு ஒரு நிரல் போட்டிருக்கிறேன். உங்கள் பாடசாலை அணியின் பெயர்ப் பட்டியல் கிடைத்தால் அந்த நிரலை முதலில் நிரப்பிப் பாருங்கள். உங்கள் முன்வைப்பின் முதல் பக்கத்துக்கு அதுவே போதும்.