அவுட்ஸ்டாண்டிங் நர்சரியும் எங்கள் பால்வாடியும்

என் தங்கை இங்கிலாந்தில் நர்ஸ். பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளைக்குப் பதினோரு மாதம், நர்சரி தேடிக்கொண்டிருந்தாள். போன நவம்பரில் ஒரு ராத்திரி போன் போட்டு, "அக்கா, அரசு ஆய்வுல ஒரு நர்சரிக்கு அவுட்ஸ்டாண்டிங், இன்னொண்ணுக்கு குட். பேசாம அவுட்ஸ்டாண்டிங்லயே போட்டுடவா?" என்றாள். என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் நான் அங்கன்வாடி டீச்சர், ஊர்க்காரர்களுக்குப் பால்வாடி டீச்சர். ஆய்வுக்கு ஆள் வந்தால் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் கேட்ட முதல் கேள்வி, அந்த அவுட்ஸ்டாண்டிங் எந்தத் தேதியில் கொடுத்தது? தேடிப் பார்த்துச் சொன்னாள்: 2020 ஜனவரி. கொரோனாவுக்கும் முன்னால்! அன்றைக்கு அங்கே மூன்று வயசில் மண்ணில் விளையாடிய பிள்ளை இப்போது ஒன்பது வயசுப் பிள்ளை. டீச்சர்களில் எத்தனை பேர் மிச்சம் இருப்பார்களோ. குட் வாங்கிய நர்சரிக்கு 2024இல் ஆய்வு நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இதைப் பார்க்கும் அரசு அமைப்பின் பெயர் ஆஃப்ஸ்டெட் (ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு வேறு அமைப்புகள்). பழைய முறையில் நாலே தரம்: அவுட்ஸ்டாண்டிங், குட், அப்புறம் முன்னேற்றம் தேவை, கடைசியில் போதாது. 2025 நவம்பரிலிருந்து அந்த ஒற்றைச் சொல் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித்தனியாக ஐந்து படிகளில் ஒன்றைப் போடுகிறார்கள், குழந்தைப் பாதுகாப்புக்கு மட்டும் விதிப்படி இருக்கிறது, இல்லை என்று இரண்டே பதில். இதில் நடுப்படியின் பெயர் 'எதிர்பார்க்கும் தரம்', அதைப் பார்த்து சுமார் போலிருக்கிறது என்று முகம் சுளிக்க வேண்டாம், கேட்டதையெல்லாம் சரியாகச் செய்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். அடுத்த ஆய்வு வரும்வரை பழைய அறிக்கைதான் இணையத்தில் கிடக்கும் என்பதால் இன்னும் கொஞ்ச காலம் இரண்டு விதமும் கண்ணில் படும்.

என் கதையையும் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் நிறைய பேர் கடலில் பாசி எடுக்கப் போகிறவர்கள். நீர் தோதாக இருக்கும் நாளில் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு விடியும் முன்பே வல்லம் ஏறிவிடுவார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்ப வீட்டில் ஆள் இருக்காது. அப்படி ஒரு நாளில் மேலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். பதிவேட்டில் பத்தொன்பது பெயர், பாயில் ஆறு பிள்ளைகள். 'வருகை குறைவு' என்று எழுதிவிட்டுப் போனார்கள், பாசியைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த முறை முந்தின நாளே தகவல் வந்துவிட்டது. ஆயா தரையைக் கழுவிவிட்டார், நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், பத்தொன்பதும் பவுடர் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தன. 'நன்று'. இரண்டுமே பொய் இல்லை. ஆனால் எங்கள் பால்வாடியின் சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரண்டிலும் இல்லை.

ஆஃப்ஸ்டெட்காரர்களும் பழைய முறையில் பெரும்பாலும் முந்தின நாள் மதியம் போன் பண்ணிவிட்டுத்தான் வருவார்களாம். கேட்டதும் சிரித்துவிட்டேன்.

அதனால் தரத்தை விட்டுவிட்டு அறிக்கையை வாசி என்றேன். போனிலேயே வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்த இடத்துக்கு வருவது பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்றே ஒரு பகுதி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். கடைசியில் இன்னும் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பகுதி. குட் நர்சரிக்கு அதில், சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அட, முட்டை போடும் நாளில் நான் உரித்து முடிப்பதற்குள் எங்கள் பாயிலும் இதே கூத்துதான்! இது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய குறை இல்லை. இதே இடத்தில் பாதுகாப்பில் குறை என்று ஒரு வரி இருந்திருந்தால், மற்றதெல்லாம் தங்கமாக இருந்தாலும் வேண்டாம் என்றிருப்பேன்.

அப்புறம் நேரில் போய் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அங்கே இரண்டு வயசுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது சட்டம், இரண்டு வயசுப் பிள்ளைகள் என்றால் ஐந்துக்கு ஓர் ஆள். இங்கே நானும் ஆயாவும் பத்தொன்பது பேரை மேய்க்கிறோம் என்று அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

இரண்டு இடத்துக்கும் போனாள். அவுட்ஸ்டாண்டிங்கில் வரவேற்பறை பளபளவென்று இருந்ததாம், கைக்குழந்தைகள் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போகச் சொன்னால் தூங்குகிறார்கள், இன்னொரு நாள் வாங்க என்றார்களாம். குட்டில் நேராக உள்ளே விட்டார்கள். ஆறு பிள்ளை, இரண்டு பேர். ஒன்று அழுதது, இவளோடு பேசிக்கொண்டிருந்த பெண் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்த் தூக்கிக்கொண்டாளாம்.

அங்கேதான் பெயர் கொடுத்திருக்கிறாள். ஏழு பேருக்குப் பின்னால் வெயிட்டிங் லிஸ்டில்.