பெயர் எழுதாத ரசீது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சில குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சிறிய கல்வி நிதி ஒன்றுக்கு நான் பொருளாளர். பிப்ரவரி முடிவதற்குள் நன்கொடையாளர்களுக்கு 18ஏ ரசீது எழுதிக் கொடுப்பது என் வேலை. வருமான வரிச் சட்டத்தின் அந்தப் பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்ததை வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரசீதில் கொடுத்தவரின் பெயரும் அடையாள எண்ணும் இருந்தாக வேண்டும்.

சென்ற ஆண்டு ஓர் ஆயா, ரொட்டிப் பையில் மடித்துக் கொண்டுவந்த 2,000 ரேண்டை மேசைமேல் வைத்தார். பெயர் கேட்டேன். "அன்பர்னு எழுது தம்பி, போதும்" என்றார். ரசீதை வாங்காமலே போய்விட்டார்.

இதையே கோடிகளில் செய்தவர் சக் ஃபீனி. விமான நிலையங்களில் தீர்வையில்லாக் கடைகள் நடத்திச் செல்வம் சேர்த்த அந்த அமெரிக்கர், 1982இல் அறக்கட்டளையைத் தம் நாட்டில் பதியாமல் பெர்முடாவில் பதிந்தார். விவரங்களை வெளியிட வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. அதற்கு விலையாக, அமெரிக்காவில் கிடைத்திருக்கக்கூடிய வரிச்சலுகையை அவர் விட்டுக்கொடுத்தார். 1984இல் ஏறத்தாழ எல்லாச் சொத்தையும் அதற்கு மாற்றியவரின் பெயர் 1997இல், நிறுவனத்தை விற்கும் வேளையில்தான் வெளியே தெரிந்தது. தென்னாப்பிரிக்கா உட்படப் பல நாடுகளுக்கு 800 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்த அந்த அறக்கட்டளை 2020இல் மூடப்பட்டது. ஃபீனி 2023இல் இறக்கும்போது குடியிருந்தது வாடகை வீடு.

பெயரை மறைப்பதைவிட, கொடுத்த பணத்தின்மேல் இருக்கும் பிடியை விடுவதே கடினம் என்று நினைக்கிறேன். பாதிச் சொத்தையாவது கொடுப்பதாக உறுதி கூறும் கிவிங் பிளெட்ஜ் இயக்கத்தை 2010இல் பில் கேட்ஸ், மெலிண்டா, வாரன் பஃபெட் ஆகியோர் தொடங்கினர்; நம் நாட்டின் சுரங்கத் தொழிலதிபர் பாட்ரிஸ் மோட்செபே 2013இல் அதில் சேர்ந்தார். அந்த உறுதிமொழி சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. பணம் சொந்த அறக்கட்டளைக்கே போகலாம். அங்கே யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவர் கொடுத்தவராகவே இருக்கலாம். தம் அறக்கட்டளை 2045 முடிவில் மூடப்படும் என்று கேட்ஸ் 2025இல் அறிவித்ததை, நூறு ஆண்டுக் கனவுகள் காணும் அறக்கட்டளைகளைவிட நான் மதிக்கிறேன்.

காலம் கடந்தும் பிடி விடாத கொடை எப்படியிருக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. கிம்பர்லி வைரத்தில் செல்வரான செசில் ரோட்ஸ் 1902இல் இறந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பதற்கான உதவித்தொகையை ஆண்களுக்கு மட்டுமே என்று உயிலில் எழுதிவைத்திருந்தார். 1977 வரை பெண் ஒருத்திகூட அதைப் பெற முடியவில்லை.

எங்கள் நிதியிலும் இது நடக்கிறது. 50,000 ரேண்ட் கொடுத்த வணிகர் ஒருவர், பொறியியல் படிப்பவருக்கு மட்டுமே என்று நிபந்தனை வைத்தார். அந்த ஆண்டு மிகவும் நெருக்கடியில் இருந்ததோ செவிலியர் படிப்பில் சேர்ந்த பெண். பணத்தை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு ஆயாவின் 2,000 ரேண்டையும் வேறு சில்லறைத் தொகைகளையும் சேர்த்துக் கொடுத்தோம்.

இந்த ஆண்டு ஆயா மீண்டும் வந்தார். பணம் யாருக்குப் போனது என்று நான் சொல்லத் தொடங்கினேன். மழை வரும்போல இருக்கிறது என்று அவர் எழுந்துவிட்டார்.