ஐலா தீவு: 80 பவுண்டு டாக்ஸியும் ஒரு சதுர அடி நிலமும்

மொதல்ல அந்த டாக்ஸி கதைய எறக்கி வெச்சிடறேன், இல்லன்னா மிச்சத்த எழுத கை வராது. ஸ்காட்லாந்து மேற்குக் கரையில, புகை வாசனை விஸ்கிக்கு பேர் போன ஐலா தீவுல 20 மைல் தூரம், 80 பவுண்டு. நம்ம காசுல ஒன்பதாயிரத்துக்கு மேல. போர்ட் எலன் போக வேண்டிய கப்பல் காத்து ஜாஸ்தின்னு சொல்லி தீவோட அந்தப் பக்கம் போர்ட் ஆஸ்கெய்க்ல எங்கள எறக்கி விட்டுடுச்சு, கடைசி பஸ் போயாச்சு, மழை சாஞ்சு அடிக்குது, கூட வந்தவங்க எல்லாம் அவங்கவங்க கார்ல கெளம்பிட்டாங்க, நிக்கறது நாங்க ரெண்டு பேரு, ஒரே ஒரு டாக்ஸி. அந்தாளுக்கு எங்க நெலமை நல்லாவே தெரிஞ்சிருக்கு. மீட்டரான்னு கேட்டேன், மழையப் பாத்து சிரிச்சாரு. மறுநாள் காலைல ரூம் ஓனரம்மா முட்டை வெச்சுகிட்டே எவ்ளோ குடுத்தீங்கன்னு கேட்டாங்க, நான் சொன்னதும் ஒன்னும் பேசாம தட்டுல இன்னொரு முட்டைய வெச்சுட்டு போயிட்டாங்க. அப்பவே புரிஞ்சு போச்சு.

ஒரே ஒரு லாபம். பௌமோர்ங்கற ஊர தாண்டுனதும் ஒரு நேர் ரோடு, ரெண்டு பக்கமும் கும்மிருட்டு, கார் தோணி மாதிரி ஏறி எறங்குது. ரோடு ஏன்யா இப்படின்னு கேட்டா, கீழ பூரா பீட், இந்த ஊர் விஸ்கிக்கு புகை வாசனை குடுக்கற சதுப்பு மண்ணு, ரோடு அது மேல மெதக்குதுன்னாரு. நாங்க எதத் தேடி இவ்ளோ தூரம் வந்தோமோ அது மேலயே தான் போய்க்கிட்டிருக்கோம்னு அப்ப தான் உறைச்சுது.

சரி, ஒழுங்கா வரேன். எப்படி போறது, எங்க தங்கறது, எவ்ளோ ஆச்சுன்னு வரிசையா எழுதறதா தான் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன். நான் இங்கிலாந்துல லீட்ஸ்ல ஆன்சைட் வேலைல இருக்கேன், அடுத்த மாசம் சென்னை திரும்பணும், அதுக்குள்ள ஐலா போயே ஆகணும்னு ஒரு வெறி. (ஐஸ்லே இல்ல, ஐலா. நானும் ஆறு வருஷம் தப்பா தான் சொல்லிட்டு திரிஞ்சேன்.) மூவாயிரத்து சொச்சம் பேர் இருக்கற தீவுல விஸ்கி காய்ச்சற டிஸ்டில்லரி பத்துக்கு கொறையாம. கூட வந்தது என் ரூம்மேட், இனிமே மாப்ள. மாப்ள குடிக்க மாட்டான். அக்டோபர்ல கிரீன்லாந்துல இருந்து ஆயிரக்கணக்குல காட்டு வாத்து அந்தத் தீவுக்கு வரும்னு படிச்சுட்டு, வாத்துக்காக வந்தவன். ரூம் வாடகைல பாதி கெடைக்குதேன்னு நானும் விட்டுட்டேன்.

கிளாஸ்கோல இருந்து பஸ், மூணு மணி நேரத்துக்கு மேல. என் சீட்டுக்கு அடியில ஹீட்டர், கால் வெந்து போச்சு, மாப்ள சீட்டுல ஜன்னல் வழியா காத்து, அவன் ஜாக்கெட்ட கழட்டவே இல்ல. மாத்தி உக்காரலாம்னா பஸ் ஃபுல். லோக் லோமண்ட் ஏரிய தாண்டி ஒரு மலைக் கணவாய் வருது, பேரே ரெஸ்ட் அண்ட் பி தாங்க்ஃபுல், இளைப்பாறி நன்றி சொல்லுன்னு அர்த்தம். 18-ம் நூற்றாண்டுல அந்த ரோட்ட போட்ட சோல்ஜருங்க மேல ஏறி முடிச்சதும் கல்லுல செதுக்கி வெச்ச பேரு. அவங்களுக்கும் கால் வெந்திருக்கும் போல. கெனக்ரெய்க்ல கப்பல் ஏறணும், அங்க துறையையும் வெயிட்டிங் ரூமையும் தவிர ஒன்னுமே இல்ல, சாப்பாடு கைல எடுத்துட்டு போங்க. நாங்க லெமன் ரைஸ் கட்டிட்டு போனோம், பக்கத்துல ஒரு பாட்டி உத்து உத்து பாத்துச்சு.

கார் ஏன் எடுக்கலன்னு கேப்பீங்க. ஸ்காட்லாந்துல குடிச்சுட்டு ஓட்டறதுக்கான லிமிட் இங்கிலாந்த விட கம்மி, 2014 டிசம்பர்ல இருந்து 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் தான், இங்க 80. ஒரு சின்ன கிளாஸுக்கு மேல யோசிக்கவே கூடாது. மாப்ளைக்கு லைசென்ஸ் இல்ல. அப்புறம் போர்ட் எலன்ல தங்குனா கார் தேவையும் இல்ல, அங்கிருந்து லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் மூணு டிஸ்டில்லரிக்கும் ரோட்டோரமா ஒரே நடைபாதை, மொத்தமே மூணு மைல் சொச்சம். கடல் ஒரு பக்கம், ஆட்டு மந்தை ஒரு பக்கம், எதிர்ல வர்ற ஒவ்வொரு காரும் கைய தூக்கி வணக்கம் வெக்குது. தெரியாதவங்களுக்கும் கை ஆட்டறது அந்தத் தீவு வழக்கமாம். அந்த டாக்ஸிக்காரரும் கை ஆட்டுனாரு, நான் பதிலுக்கு ஆட்டல.

லஃப்ராய்க்ல டூர் எடுத்தோம். 1815-ல ஆரம்பிச்சது, வெள்ள சுவத்துல கருப்பா பேரு, அலை செவுத்துல வந்து அடிக்குது. உள்ள போனா நம்மூர் களம் மாதிரி ஒரு பெரிய தரை, அதுல முளைகட்டுன பார்லிய பரப்பி வெச்சிருக்காங்க, கூழுக்கு கேழ்வரகு முளைகட்டறோமே அதே தான் விஷயம், முளை விடும்போது மாவு சர்க்கரையா மாறறதுக்கு தயாராகும். விட்டா வேர் பின்னிக்கும்னு சில மணி நேரத்துக்கு ஒரு தடவ தள்ளி விட்டுட்டே இருக்கணும். அப்புறம் கீழ பீட் எரிச்சு அந்தப் புகைல காய வைப்பாங்க. பீட்னா, சதுப்புல பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான வருஷமா மக்கி அழுந்துன கருப்பு மண்ணு, வெட்டி காயவெச்சா வறட்டி மாதிரி எரியும். பார்லி ஈரமா இருக்கும்போதே புகை போட்டா தான் ஒட்டும், காஞ்சப்புறம் போட்டா பிரயோஜனம் இல்ல, அதனால மொதல்ல புகை, பிறகு தான் வெறும் சூடான காத்து. ஒரு வெட்டுன பீட் துண்ட கைல குடுத்தாங்க, மோந்து பாத்தா ஒன்னுமே இல்ல, மண்ணு. எரிஞ்சா தான் அந்த வாசனையே. ஒரு உண்மையையும் சொல்லிடணும், அந்தக் களத்துல வர்றது அவங்களுக்கு தேவையானதுல ஒரு சின்ன பங்கு தான், மிச்ச மால்ட், அதாவது முளைகட்டி காயவெச்ச பார்லி, வெளிய பெரிய ஆலைல மெஷின்ல செஞ்சு வருது. ஃபோட்டோல களம் தான் வரும், அது வேற விஷயம்.

அந்த பார்லிய அரைச்சு சுடுதண்ணில ஊற வெச்சு எடுத்த சாற புளிக்க வைக்கற தொட்டி மூடிய தொறந்து மோந்து பாருங்கன்னாங்க, நான் ஆர்வத்துல தலைய உள்ள விட்டேன், கார்பன் டை ஆக்சைடு மூக்குல குத்துன குத்துல கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்த ஸ்டேஜ்ல அது ஒரு மாதிரி புளிச்ச கள்ளு, ஆல்கஹால் எட்டு சதவீதம் தான் இருக்கும். அதைத்தான் செம்புப் பானைல ரெண்டு தடவ காய்ச்சி எடுக்கறாங்க. வர்றது தண்ணி மாதிரி வெள்ளையா இருக்கு. அத ஓக் பீப்பாய்ல மூணு வருஷமாவது ஸ்காட்லாந்துலயே வெச்சிருந்தா தான் சட்டப்படி ஸ்காட்ச். பீப்பாய் பெரும்பாலும் அமெரிக்காவோட செகண்ட் ஹேண்ட், அங்க பர்பன்னு அவங்க ஊர் விஸ்கிக்கு ஒவ்வொரு தடவயும் புது பீப்பாய் தான் போடணும்னு சட்டம், அதனால பழசு எல்லாம் இங்க வந்துடுது. எனக்கு இந்த கஞ்சத்தனம் ரொம்ப பிடிச்சுது.

கடைசியா கிளாஸ்ல 10 வருஷம் பீப்பாய்ல கெடந்த லஃப்ராய்க்க ஊத்தி குடுத்தாங்க. மாப்ள மோந்து பாத்துட்டு, "டேய், ஸ்கூல்ல முட்டி தேஞ்சா தடவுவாங்களே, அந்த டிஞ்சர்டா இது"ன்னான். கைடு என்ன சொல்றான்னு கேட்டாரு, மொழிபெயர்த்தேன், மனுஷன் குஷியாகிட்டாரு. அமெரிக்கால மதுவிலக்கு இருந்தப்ப லஃப்ராய்க்க மருந்துன்னு சொல்லி தான் உள்ள விட்டாங்களாம், மோந்து பாத்த ஆபீசருக்கு சந்தேகமே வரலியாம். எனக்கு டிஞ்சர் மட்டும் இல்ல, கருவாடு சுட்ட அடுப்பு, ஈரச் சாம்பல், கடைசியா நாக்கு ஓரத்துல ஒரு இனிப்பு. ரெண்டு சொட்டு தண்ணி விட்டா இனிப்பு முன்னாடி வந்துடுது. ஐஸ் போடாதீங்க, வாசனைய அமுக்கிடும். சோடா ஊத்தறவங்கள நான் திட்ட மாட்டேன், ஆறு வருஷம் முன்னாடி நானும் கோக் ஊத்துனவன் தான்.

இப்ப நிலம். லஃப்ராய்க் பாட்டில் வாங்கி அதுல இருக்கற நம்பர பதிஞ்சா தீவுல ஒரு சதுர அடி நிலம் உங்க பேருக்கு வாழ்நாள் குத்தகை, நேர்ல போனா வாடகையா ஒரு குட்டி பாட்டில் தருவாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சேறு நெறஞ்ச வயல்ல ரப்பர் பூட்ஸ் போட்டு என் எடத்த தேடிப் போயி இந்தியக் கொடி குத்திட்டு வந்தேன். திருச்சில ஒரு சென்ட் வாங்க வக்கில்ல, இங்க ஒரு சென்ட்டுல 435-ல ஒரு பங்குக்கு நான் சொந்தக்காரன். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு காட்டுனேன். "தண்ணி வசதி இருக்கா"ன்னு கேட்டாரு.

லாகவூலின்ல எனக்கு விஸ்கிய விட கதை தான் பிடிச்சுது. இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல லாகவூலின் ஓனர் பீட்டர் மேக்கி தான் லஃப்ராய்க்க வித்துக் குடுத்துட்டு இருந்தாரு. அந்த ஏஜென்சி கைய விட்டுப் போனதும் மனுஷனுக்கு கோவம், லஃப்ராய்க்குக்கு போற தண்ணிய அடைச்சுட்டாரு. நம்மூர் வாய்க்கா தகராறு அப்படியே. கோர்ட்டு தொறந்து விடுன்னு சொல்லிடுச்சு. உடனே 1908-ல லாகவூலின் வளாகத்துக்குள்ளயே மால்ட் மில்னு ஒரு குட்டி டிஸ்டில்லரி கட்டி, லஃப்ராய்க் ஆளையே இழுத்துட்டு வந்து அதே மாதிரி காய்ச்சிப் பாத்தாரு. வரவே இல்ல. சுமாரா ஒரு மைல் தான் தள்ளி இருக்குங்க. அரை நூற்றாண்டு ஓட்டிட்டு 1962-ல மூடிட்டாங்க. ஏன் வரலன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. எனக்கு அந்தக் கடலோரத்துல நின்னப்ப காரணம் கேக்கத் தோணல.

கிடங்குல நேரா பீப்பாய்ல இருந்து எடுத்து ஊத்துனாங்க. தண்ணி கலக்காத சரக்கு, அம்பத்தஞ்சு சதவீதத்துக்கு மேல. உள்ள ஈரமும் ஓக்கும் கலந்த வாசனை, பழைய கோயில் பிரகாரம் மாதிரி குளிரு. வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் ஆவியாப் போகும், தேவதைங்க பங்குன்னு சொல்றாங்க. பெங்களூர்ல அம்ருத் விஸ்கி கம்பெனி கிடங்குல இது பத்து, பன்னண்டு சதவீதம், நம்ம தேவதைங்களுக்கு தாகம் ஜாஸ்தி. அந்த வெயில்ல சீக்கிரம் முதிரவும் செய்யுது. அம்ருத் தன்னோட சிங்கிள் மால்ட்ட (ஒரே டிஸ்டில்லரில மால்ட் பார்லில மட்டும் காய்ச்சுன விஸ்கி) 2004-ல மொதல்ல எறக்குனது இந்தியால இல்ல, கிளாஸ்கோல. அந்த தைரியத்துக்கே ஒரு கிளாஸ் குடிக்கலாம்.

ஆர்ட்பெக்கும் 1815 தான். 1981-ல மூடி, இடையில கொஞ்சம் ஓடி, 1997-ல க்ளென்மொரேஞ்சிங்கற விஸ்கி கம்பெனி வாங்குனப்புறம் தான் உயிர் வந்துச்சு. அங்க நடந்து போய் சேரும்போது நாங்க ரெண்டு பேரும் நனைஞ்ச கோழி. பழைய சூளைக் கட்டடத்துல தான் கேன்டீன், புகைபோட்ட மீனும் உருளைக்கிழங்கும் பாலும் போட்டு ஒரு சூப், அவங்க ஊர்ல கல்லன் ஸ்கிங்க். மீன பாலுல போடறதான்னு மூஞ்சிய சுளிச்ச மாப்ள ரெண்டு கிண்ணம் குடிச்சான். அது கூட ஆர்ட்பெக் 10, 46 சதவீதம், சூப்போட புகையும் கிளாஸோட புகையும் சேந்து... இந்தப் பயணத்துல பாக்கி எல்லாத்தையும் மறந்தாலும் அந்த மதியத்த மறக்க மாட்டேன். வெளிய வாத்துக் கூட்டம் வானத்த மறைச்சுட்டு போகுது, மாப்ள கிண்ணத்தோட ஓடுறான், எனக்கு எழுந்திரிக்கவே மனசில்ல.

வயசு பத்தி ஒன்னு சொல்லணும். பாட்டில்ல போட்டிருக்கற நம்பர் அதுல கலந்ததுல ரொம்ப எளசோட வயசு. பெருசா இருந்தா ஒசத்தின்னு நெனச்சு ஒரு பார்ல 25 வருஷத்த 35 பவுண்டு குடுத்து ஒரு கிளாஸ் குடிச்சேன். புகை எல்லாம் பீப்பாய்ல கெடந்து மங்கிப் போச்சு, மரமும் பழமும் தான் இருக்கு. மோசம் இல்ல, ஆனா ஐலா இல்ல. அதே பார்ல அஞ்சு பவுண்டு 10 வருஷம் அத தூக்கி சாப்பிட்டுது. கலரப் பாத்தும் ஏமாறாதீங்க, கேரமல் கலக்க சட்டம் அனுமதிக்குது.

பௌமோர்ல அந்த வட்டமான சர்ச், 1767-ல கட்டுனது, சாத்தான் ஒளிய மூலையே இருக்கக்கூடாதுன்னு வட்டமா கட்டுனாங்கன்னு கதை. பன்னண்டு வருஷம் கழிச்சு அதே தெருவுக்கு கீழ டிஸ்டில்லரி வந்துடுச்சு, சாத்தானுக்கு எடம் கெடச்சுது. ப்ருக்லாடின்னு இன்னொரு டிஸ்டில்லரிக்கு பஸ் டைம் சரியா அமையல, மனசே ஆறல.

திரும்பி வரும்போது கிளாஸ்கோல ராத்திரி 10 மணி 5 நிமிஷத்துக்கு கடைல பாட்டில கவுண்டர்ல வெக்கறேன், குடுக்க மாட்டேன்னுட்டாங்க. ஸ்காட்லாந்துல கடைல சரக்கு காலைல 10-ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் தான். நம்ம டாஸ்மாக்கும் மூடறது பத்து மணிக்கு தானே, இருந்தும் எனக்கு உதிக்கல பாருங்க. இந்தியாவுக்கு வரியில்லாம ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் கொண்டு போலாம், அதனால 70 சென்டிலிட்டர் பாட்டில் ரெண்டு, அப்புறம் 20 சென்டிலிட்டர் குட்டி மூணு, கணக்கு கச்சிதமா வரும். 2025 ஜூலைல கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்துல விஸ்கி வரி 150 சதவீதத்துல இருந்து 75, பத்து வருஷத்துல 40-க்கு வருமாம். பத்து வருஷம்! நான் தூக்கிட்டே வந்துடறேன்.

ரூம் மூணு ராத்திரி, பஸ், கப்பல், டூர், சூப்பு எல்லாம் சேத்து ஆளுக்கு 430 பவுண்டு, பாட்டில் தனி. மே கடைசி வாரம் விஸ்கி திருவிழா, அப்ப போகாதீங்க, ரூமே கெடைக்காது. டாக்ஸில என் கார்டு தான் தேய்ச்சோம், மாப்ள 40 பவுண்டு தரணும். அவன் குடிக்காத டேஸ்டிங் எல்லாத்தையும் அங்க குட்டி பாட்டில்ல ஊத்திக் குடுத்துட்டாங்க, மொத்தம் ஏழு, அத எங்கிட்ட தந்துட்டதால கணக்கு தீந்துச்சுன்றான். நேத்து எண்ணிப் பாத்தேன், ஆறு தான் இருக்கு. கேட்டா சளி புடிச்சிருந்துச்சு, டிஞ்சர் தானேன்னு குடிச்சேன்றான்.