எண்ணை அப்புறம் போடு

ஆகஸ்ட் 4
மாலை டியூஷனில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நல்லியல்பு வாயுச் சமன்பாடு. பிவி = என்ஆர்டி என்று எல்லோரும் ஒப்பித்துவிட்டார்கள். பி வாயுவின் அழுத்தம், வி கனஅளவு, என் மோல் எண்ணிக்கை (மோல் என்பது துகள்களை மொத்தமாக எண்ணும் அளவு), ஆர் ஒரு மாறிலி, டி கெல்வினில் வெப்பநிலை. கணக்கு கொடுத்ததும் எண்களை அள்ளிப் போட்டுவிட்டு, எதைப் பெருக்க, எதை வகுக்க என்று முழிக்கிறார்கள். ஒருத்தி மோலுக்கு ஒன்று, கனஅளவுக்கு ஒன்று என்று நான்கு சூத்திரங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்திருக்கிறாள். மனசு கேட்கவில்லை. சமன்பாடு ஒன்றுதான், கேட்டதைத் தனியாக நிறுத்து, மற்றதை அந்தப் பக்கம் அனுப்பு, எண்ணை அப்புறம் போடு என்றேன்.

ஆகஸ்ட் 6
நேற்று சில்வர் பீச்சில் பலூன்காரரைப் பார்த்ததும் இன்றைக்கான கணக்கு கிடைத்துவிட்டது. 3 லிட்டர் ஹீலியம் பலூன், 32 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 1 வளிமண்டலம். உள்ளே எத்தனை கிராம்?

என் = பிவி ÷ ஆர்டி. அழுத்தம் வளிமண்டலத்தில், கனஅளவு லிட்டரில் இருப்பதால் ஆர் 0.0821. வெப்பநிலை 32 + 273 = 305 கெல்வின். 3 ÷ 25.04, அதாவது 0.12 மோல். ஹீலியம் மோலுக்கு 4 கிராம், ஆக 0.48 கிராம். அதே இடத்தை அடைக்கும் காற்று சுமார் 3.5 கிராம். அந்த 3 கிராம் வித்தியாசம்தான் பலூனைத் தூக்குகிறது. ரப்பரும் நூலும் அதற்குள் அடங்க வேண்டும்.

ஒரு பையன் 32-ஐ அப்படியே போட்டு 4.6 கிராம் என்று கொண்டுவந்தான். நான் அடித்துத் திருத்தவில்லை. “இது காத்தைவிடக் கனம்டா, பறக்குமா?” என்றேன். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், “273 சேர்க்கலக்கா” என்று அவனே அழித்தான்.

ஆகஸ்ட் 7
மழை, கரண்ட் இல்லை. வகுப்பும் இல்லை.

ஆகஸ்ட் 9
இன்று அடர்த்தி. மோல் எண்ணிக்கை என்பது நிறை ÷ மோலார் நிறை (ஒரு மோலின் நிறை). அதை உள்ளே வைத்து நகர்த்தினால், மோலார் நிறை = அடர்த்தி × ஆர் × வெப்பநிலை ÷ அழுத்தம். லிட்டருக்கு 1.12 கிராம், அதே வெப்பநிலை, அதே அழுத்தம் என்று கொடுத்தேன். 28 வந்தது. “நைட்ரஜன்!” என்று கத்தினார்கள். கார்பன் மோனாக்சைடுக்கும் 28தான். ஒன்று நாம் மூச்சு விடும் காற்றில் பெரும்பங்கு, மற்றது ஆளையே கொல்லும். எடையை மட்டும் வைத்துப் பெயர் சொல்லக்கூடாது என்பதை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அப்புறம் அடர்த்தியைத் தனியாக நிறுத்தச் சொன்னேன். நான்கு சூத்திரக்காரிதான் முதலில் முடித்தாள். நீராவிக்கு 18, உலர்ந்த காற்றுக்கு 29 போட்டுப் பார்த்துவிட்டு, “ஈரக்காத்து லேசா அக்கா?” என்றாள். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் என்றால் லேசுதான். அவள் அம்மா கடற்காற்று கனம் என்றே சொல்வாராம். வீட்டில் போய்க் கணக்குப் போட்டுக் காட்டப் போகிறாள்.